விசைக்குப் பொருள் தருவது யார்?

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் ஒரு மாணவி அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. கையில் மாவுக்கட்டு. சுட்டெலியைப் பிடிக்க முடியவில்லை. எழுதுவதெல்லாம் இடது கையால்தான். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்துவதில் தொல்லை இல்லை. நேரம் சற்று கூடுதலாகும், அவ்வளவே. ஆனால் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்த வேண்டிய இடம் வரும்போதெல்லாம் பக்கத்து இருக்கைத் தோழியை அழைக்க வேண்டியிருக்கிறது. ஆறு வாரங்களுக்கு இப்படித் தோழியை நம்பியே அவள் பாடம் செய்ய வேண்டுமா?

குறை அவள் கையில் இருக்கிறது என்று நாம் சொல்லிவிடலாம். விசைப்பலகையில் இருக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டும் சரியன்று. எந்த விசையை அழுத்தினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்பதைக் கணிப்பொறிக்குள் இருக்கும் ஓர் அட்டவணையே தீர்மானிக்கிறது. அந்த அட்டவணை கல்லில் செதுக்கியதன்று. அதை நாமே திருத்தி எழுதலாம். லினக்ஸ் இயக்க முறைமை உள்ள கணிப்பொறியில் அதை எவ்வாறு திருத்துவது என்பதையும், திருத்துமுன் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். (இங்கே ‘விசை’ என்பது இயற்பியல் பாடத்தில் வரும் விசை அன்று, விசைப்பலகையில் நாம் அழுத்தும் பொத்தானையே குறிக்கும்.)

விசை எண்ணாகிறது

விசைப்பலகையில் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசையை அழுத்துகிறீர்கள். ‘கே’ என்னும் எழுத்து அப்படியே கம்பி வழியாகக் கணிப்பொறிக்குள் போகிறதா? இல்லை. விசையின் மேல் அச்சிட்டுள்ள எழுத்து நம் கண்ணுக்காக மட்டுமே. அதை அழித்துவிட்டாலும் விசை முன்போலவே வேலை செய்யும்.

முழு அளவு விசைப்பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கம்பி இழுத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் தேவைப்படும். இதைத் தவிர்க்கப் பொறியியலார் ஓர் எளிய உத்தியைக் கையாண்டனர். கம்பிகளைக் கிடையாகவும் நெடுக்காகவும் சதுரங்கப் பலகைக் கோடுகள்போல் அமைத்து, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு விசையை வைத்தனர். எடுத்துக்காட்டாக, கிடையாக 8 கம்பிகளும் நெடுக்காக 16 கம்பிகளும் இருந்தால் 8 × 16 = 128 சந்திப்புகள் கிடைக்கும். கம்பிகளோ 24 மட்டுமே!

விசைப்பலகைக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு கம்பியாக மின்குறியை அனுப்பி, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாம் ஒரு விசையை அழுத்தியதும் அதன் இடத்திற்குரிய எண்ணைக் கணிப்பொறிக்கு அறிவிக்கிறது. கையை எடுத்ததும் அதையும் அறிவிக்கிறது. ‘அழுத்தப்பட்டது’, ‘விடப்பட்டது’ என்னும் இரு செய்திகளும் தனித்தனியே வருவதால்தான், ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்துவதைக் கணிப்பொறியால் அறிய முடிகிறது. குறுக்கு விசை என்னும் ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

எண் பொருளாகிறது

இனி எண்ணின் பயணத்தைத் தொடர்வோம். யுஎஸ்பி வகை விசைப்பலகை ‘கே’ விசைக்கு 14 என்னும் எண்ணை அனுப்புகிறது. பழைய வகை விசைப்பலகைகள் வேறு எண்களை அனுப்பின. இந்த வேறுபாடுகளை லினக்ஸின் கரு, அதாவது கெர்னல் எனப்படும் உட்பகுதி, சமன்படுத்திவிடுகிறது. எந்த விசைப்பலகையிலிருந்து வந்தாலும் ‘கே’ விசைக்கு லினக்ஸ் கருவில் ஒரே எண்தான்: 37. இடது கண்ட்ரோல் விசைக்கு 29. இடது ஆல்ட் விசைக்கு 56. எஸ்கேப் விசைக்கு 1.

இந்த 37 இன்னும் ஓர் எழுத்து ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த அடுக்கில் இருக்கும் எழுத்து அட்டவணைதான் அதை எழுத்தாக மாற்றுகிறது. ஆங்கில அட்டவணை இருந்தால் 37 என்பது ‘கே’. தமிழ்99 அட்டவணையைத் தேர்ந்திருந்தால் அதே 37 என்பது ‘ம’! சென்னையில் 1999-ஆம் ஆண்டு நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில், நடு வரிசையில் வலக்கை விரல்கள் இருக்கும் இடத்தில் க, ப, ம, த, ந, ய என்னும் மெய்வரிசை எழுத்துகள் அமைந்திருக்கின்றன. விசைப்பலகையில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. கம்பியில் ஓடும் எண்ணும் மாறவில்லை. மாறியது அட்டவணை ஒன்றே. ஆனால் ஆங்கில விசைப்பலகை தமிழ் விசைப்பலகை ஆகிவிட்டது.

எனவே முதற் பாடம் இதுதான்: விசைக்கென்று சொந்தப் பொருள் ஏதுமில்லை. அதற்குப் பொருள் தருவது அட்டவணை.

துணை விசைகளின் கணக்கு

கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், சூப்பர் ஆகியவற்றைத் துணை விசைகள் என்போம். (பெரும்பாலான விசைப்பலகைகளில் விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையே லினக்ஸில் சூப்பர் விசை என்பர்.) இவை தனியே எழுத்து எதையும் எழுதுவதில்லை, பிற விசைகளின் பொருளை மாற்றுகின்றன.

எந்தெந்தத் துணை விசைகள் அழுந்தியிருக்கின்றன என்பதைக் கணிப்பொறி எவ்வாறு நினைவில் வைக்கிறது? இதற்கு நீங்கள் கணிதப் பாடத்தில் படித்த இரும எண்முறை கைகொடுக்கிறது. லினக்ஸில் திரைக் காட்சிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் எக்ஸ் சாளர முறை ஒவ்வொரு துணை விசைக்கும் 2-இன் அடுக்கு ஒன்றை மதிப்பாகத் தந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் அவை வருமாறு:

ஷிஃப்ட் – 1
கேப்ஸ் லாக் – 2
கண்ட்ரோல் – 4
ஆல்ட் – 8
நம் லாக் – 16
சூப்பர் – 64

கண்ட்ரோலும் ஆல்ட்டும் அழுந்தியிருந்தால் 4 + 8 = 12. கண்ட்ரோலும் ஷிஃப்டும் என்றால் 4 + 1 = 5. எல்லாம் 2-இன் அடுக்குகளாகையால், எந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டும் எவையெவை அழுந்தியுள்ளன என்று ஐயமின்றிக் கண்டுபிடித்துவிடலாம். 73 என்று வந்தால்? 64 + 8 + 1. அதாவது சூப்பர், ஆல்ட், ஷிஃப்ட். வேறு எவ்வகையிலும் இந்த மதிப்புகளைக் கூட்டி 73 பெற முடியாது. முயன்று பாருங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கண்ட்ரோல் + ஆல்ட் + கே என்பதற்கு உரிய தொகை 12. ஆனால் நம் லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதன் 16-உம் சேர்ந்து 28 ஆகிவிடும். கணிப்பொறி 12-ஐ மட்டுமே எதிர்பார்த்திருந்தால் நாம் அழுத்திய குறுக்கு விசை பலிக்காது! ஆகவே குறுக்கு விசைகளைக் கவனிக்கும் நிரலை எழுதுவோர், நம் லாக், கேப்ஸ் லாக் ஆகியவற்றின் மதிப்புகளைப் புறக்கணித்துவிட்டு எஞ்சியதை ஒப்பிடும்படி எழுதவேண்டியுள்ளது. நாம் எளிதாக அழுத்தும் ஒரு விசைக்குப் பின்னால் இவ்வளவு கவனம் இருக்கிறது.

முதலில் கேட்பவர் யார்?

நாம் அழுத்தும் விசை பல வாயில்களைக் கடந்து செல்கிறது. முதல் வாயில் விசைப்பலகையிலுள்ள சில்லு. இரண்டாவது, லினக்ஸ் கரு. மூன்றாவது, சாளரங்களையும் பட்டியல்களையும் காட்டும் டெஸ்க்டாப் நிரல். கடைசியில்தான் நாம் திறந்து வைத்திருக்கும் எழுதும் நிரலோ வரையும் நிரலோ அதைப் பெறுகிறது. முன்வாயிலில் இருப்பவர் ஒரு செய்தியைத் தமக்கென எடுத்துக்கொண்டால், பின்வாயிலில் இருப்பவருக்கு அது போய்ச்சேராது.

மடிக்கணினிகளில் எஃப்என் என்று ஒரு விசை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் அதை முதல் வாயிலே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதைத் துணை விசையாகக் கொண்டு நாம் குறுக்கு விசை அமைக்க முயன்றால் பயனிருப்பதில்லை. இயக்க முறைமைக்கு அந்த விசை அழுந்தியதே தெரியாது.

ஒரே விசைக் கூட்டம் வெவ்வேறு வாயில்களில் வெவ்வேறு பொருள் பெறுவதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கண்ட்ரோல் + ஆல்ட் + டெலீட். 1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் பிசி கணிப்பொறியை உருவாக்கிய குழுவில் டேவிட் பிராட்லி என்னும் பொறியாளர் இருந்தார். சோதனையின்போது கணிப்பொறி அடிக்கடி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திப் போடுவது நேரத்தை விழுங்கியது. உடனே மறுதொடக்கம் செய்ய ஒரு விசைக் கூட்டத்தை அவர் அமைத்தார். வெளியாருக்காக அன்று, தம் குழுவினரின் வசதிக்காகவே அதை அமைத்தார். பின்னர் அது உலகெங்கும் பரவிவிட்டது.

அந்த மூன்று விசைகளை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? அக்கணிப்பொறியின் விசைப்பலகையில் கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவை இடப்பக்கம் மட்டுமே இருந்தன; டெலீட் வலக்கோடியில் இருந்தது. தவறுதலாகக் கைபட்டு மூன்றும் ஒருங்கே அழுந்த வாய்ப்பில்லை. வேண்டுமென்று இரு கைகளாலும் அழுத்தினால்தான் உண்டு. செய்துகொண்டிருக்கும் வேலை அனைத்தையும் அழித்துவிடக்கூடிய கட்டளை ஆகையால், அதை அவர் அருமையானதாகவே வைத்தார்.

இன்று லினக்ஸில் எழுத்துகள் மட்டும் தோன்றும் கறுப்புத் திரையில் இம்மூன்றையும் அழுத்தினால், வழக்கமான அமைப்பில் கணிப்பொறி மறுதொடக்கம் ஆகும். க்னோம் டெஸ்க்டாப்பில் அழுத்தினாலோ, வெளியேற விருப்பமா என்று கேட்கும் சிறு சாளரம் மட்டுமே தோன்றும். விசைகள் அவையே, கேட்பவர் வேறு, பொருளும் வேறு.

நீங்களே அமைக்கும் முறை

இனிச் செயலில் இறங்குவோம். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் பரவலாக உள்ள க்னோம் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்வோம். பிற டெஸ்க்டாப்களிலும் இதே வழிதான். பட்டியல்களின் பெயர்கள் மட்டும் சற்று மாறும். கண்ட்ரோல் + ஆல்ட் + கே அழுத்தினால் கணக்கிடும் கருவி திறக்க வேண்டும் என்பது நம் நோக்கம். ‘கணக்கு’ என்பதன் முதல் ஒலியை நினைவூட்டுவதால் ‘கே’ விசையைத் தேர்ந்துள்ளோம்.

1. செட்டிங்ஸ் என்னும் அமைப்புச் சாளரத்தைத் திறக்கவும். இடப்பக்கப் பட்டியலில் கீபோர்டு என்பதைத் தேர்க.

2. அதில் ‘வியூ அண்ட் கஸ்டமைஸ் ஷார்ட்கட்ஸ்’ என்னும் வரியை அழுத்துக. ஏற்கெனவே உள்ள குறுக்கு விசைகள் வகைவாரியாகத் தோன்றும். ஐந்து நிமிடம் இவற்றைப் படித்துப் பாருங்கள். நீங்கள் விரும்பும் வசதி முன்பே அங்கு இருக்கக்கூடும்.

3. பட்டியலின் அடியில் ‘கஸ்டம் ஷார்ட்கட்ஸ்’ என்பதைத் தேர்க. புதிதாகச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு படிவம் வரும். அதில் மூன்று இடங்கள் உள்ளன.

4. முதல் இடம் பெயர். இது உங்கள் நினைவுக்காக மட்டுமே. ‘கணக்குக் கருவி’ என்று தமிழிலேயே எழுதலாம்.

5. இரண்டாம் இடம் கட்டளை. இதுதான் உயிர்நாடி. க்னோம் கால்குலேட்டர் என்பதன் ஆங்கில வடிவத்தை இங்கே எழுத வேண்டும். ஜி, என், ஓ, எம், இ என்னும் ஐந்து எழுத்துகள்; அடுத்து ஒரு சிறு இணைப்புக் கோடு; அடுத்து கால்குலேட்டர் என்னும் ஆங்கிலச் சொல். எல்லாம் சிறிய எழுத்துகளில் இருக்க வேண்டும். இடையில் வெற்றிடம் கூடாது. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே கருதும்.

6. மூன்றாம் இடம் விசை. ‘செட் ஷார்ட்கட்’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டு, கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு ‘கே’ விசையைத் தட்டுக. நீங்கள் அழுத்தியவை படிவத்தில் தோன்றும்.

7. ‘ஆட்’ என்னும் பொத்தானை அழுத்தி முடிக்கவும். இனி எந்தச் சாளரத்தில் இருந்தாலும் அவ்விசைகளை அழுத்திப் பாருங்கள். கணக்கிடும் கருவி உங்கள் முன் நிற்கும்.

நிற்கவில்லையா? கலங்க வேண்டாம். டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து அதே கட்டளையை அங்கே தட்டச்சு செய்து பாருங்கள். அங்கேயும் இயங்கவில்லையென்றால் பிழை கட்டளையில். எழுத்துகளைச் சரிபார்க்கவும், அல்லது அந்த நிரல் கணிப்பொறியில் நிறுவப்படாமல் இருக்கலாம். அங்கே இயங்கி, குறுக்கு விசையில் மட்டும் இயங்கவில்லையென்றால் பிழை விசையில். வேறு கூட்டத்தைத் தேர்க. பிழையை இவ்வாறு இரண்டாகப் பிரித்துத் தேடுவது எல்லா அறிவியல் சோதனைகளுக்கும் பொருந்தும் நல்ல பழக்கம்.

இன்னொன்றும் அறிக. கட்டளை இடத்தில் எழுதுவதைக் க்னோம் நேரடியாக இயக்குகிறது. டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஷெல் என்னும் நிரல் நடுவில் இல்லை. ஆகவே பல கட்டளைகளைக் கோத்து எழுதினால் டெர்மினலில் பலிப்பது இங்கே பலிக்காது. அவ்வாறு வேண்டுமெனில் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, அதற்கு இயங்கும் அனுமதி தந்து, அக்கோப்பின் முழு முகவரியைக் கட்டளை இடத்தில் கொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்த இந்த மாற்றம் உங்கள் பயனர் பெயருக்குரிய பகுதியில் மட்டுமே சேமிக்கப்படுகிறது. அதே கணிப்பொறியில் வேறொரு மாணவர் தம் பெயரில் நுழைந்தால் அவருக்குப் பழைய அமைப்பே இருக்கும். ஆனால் உங்கள் பள்ளியில் எல்லோரும் ஒரே பயனர் பெயரில் நுழைவது வழக்கமானால், உங்கள் மாற்றம் எல்லோரையும் தொடும். அப்போது ஆசிரியரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

எந்த விசையைத் தேர்வது?

நான்கு துணை விசைகளைக் கொண்டு 2 × 2 × 2 × 2 = 16 கூட்டங்கள் அமைக்கலாம். இவற்றுள் எதையும் அழுத்தாத நிலையும், ஷிஃப்டை மட்டும் அழுத்திய நிலையும் எழுத்துகளை எழுதத் தேவை. மீதி 14. இவற்றை 26 ஆங்கில எழுத்துகளோடு பெருக்கினால் 364 குறுக்கு விசைகள்! இவ்வளவு இருக்கப் பஞ்சமேது என்று தோன்றும். ஆனால் பல இடங்கள் முன்பே நிரம்பியிருக்கின்றன.

கண்ட்ரோல் + சி என்பதை உங்கள் கணக்குக் கருவிக்கு வைத்துவிட்டதாகக் கொள்வோம். டெஸ்க்டாப் மூன்றாம் வாயிலில் நின்று அதைப் பறித்துக்கொள்ளும். நான்காம் வாயிலிலுள்ள எழுதும் நிரலுக்கு அது போய்ச்சேராது. விளைவு, எந்த நிரலிலும் கண்ட்ரோல் + சி கொண்டு நகலெடுக்க முடியாது! டெஸ்க்டாப்பின் சொந்தக் குறுக்கு விசை ஒன்றோடு மோதினால் க்னோம் எச்சரிக்கும். ஆனால் பிற நிரல்களின் குறுக்கு விசைகள் அதற்குத் தெரியாது. ஆகவே அங்கே எச்சரிக்கையும் வராது. அதை நாம்தான் நினைவில் கொள்ள வேண்டும். சூப்பர் விசையைப் பிற நிரல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. அதை டெஸ்க்டாப் மட்டுமே பயன்படுத்துவதால், சூப்பரோடு சேர்ந்த கூட்டங்களில் மோதலை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

நினைவில் நிற்பதும் முக்கியம். வெட்டு, நகல், ஒட்டு என்னும் முறையை 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவர் லாரி டெஸ்லர். பின்னர் அவர் பணியாற்றிய ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணிப்பொறி 1983-இல் வந்தது. இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கு விசைகள் இவ்வேலைகளுக்கு நிலைபெற்றது அங்கேதான். நான்கும் அடிவரிசையில் அடுத்தடுத்து உள்ளன, இடக்கையால் எட்டிவிடலாம். ‘எக்ஸ்’ என்பது அடித்துவிடும் பெருக்கல் குறி போல் இருக்கிறது. ‘வி’ என்பது ‘இங்கே செருகு’ என்று காட்டும் தலைகீழ்க் கூம்பு போல் இருக்கிறது. ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை.

டெஸ்லர், பிராட்லி இருவரும் நமக்குக் கற்பிப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடிக்கடி செய்வது கைக்கு அருகில் இருக்கட்டும். கெடுதல் செய்யக்கூடியது கைக்குத் தொலைவில் இருக்கட்டும்.

ஒரு கைக்கு ஏற்ற விசைகள்

இப்போது நம் மாணவியிடம் திரும்புவோம். அவளுக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: துணை விசையே இல்லாத குறுக்கு விசை. எழுத்து விசையைத் தனியே குறுக்கு விசையாக வைக்க இயலாது. அந்த எழுத்தையே பிறகு எழுத முடியாமல் போகும். ஆனால் மேல் வரிசையிலுள்ள எஃப் 1 முதல் எஃப் 12 வரையிலானவை எழுத்து எதையும் எழுதுவதில்லை. அவற்றுள் சிலவற்றுக்கு முன்பே வேலை உண்டு: எஃப் 1 உதவிக்கு, எஃப் 5 இணைய உலாவியில் புதுப்பித்தலுக்கு, எஃப் 11 முழுத் திரைக்கு. எஃப் 9 போன்று தனக்குத் தேவைப்படாத ஒன்றைக் கணக்குக் கருவிக்கு வைத்துக்கொண்டால் ஒரே விரலில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது வழி: இடக்கை மட்டும் எட்டக்கூடிய கூட்டங்கள். சூப்பர் விசை இடப்பக்கம் அடிவரிசையில் இருக்கிறது. கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் கியூ, இசட், எக்ஸ், சி ஆகிய விசைகளைத் தொடலாம். இவற்றுள் பட்டியலில் வேலை இல்லாதவற்றைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி எல்லாவற்றினும் பெரிது. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி என்னும் பகுதிக்குச் சென்று, தட்டச்சு உதவியின் கீழ் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்பதை இயக்கினால், துணை விசைகளை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதே இல்லை. கண்ட்ரோலைத் தட்டிவிட்டுக் கையை எடுக்கலாம். அடுத்து ஆல்ட்டைத் தட்டிவிட்டுக் கையை எடுக்கலாம். பிறகு ‘கே’ விசையைத் தட்டலாம். கணிப்பொறி மூன்றையும் ஒருங்கே அழுத்தியதாகவே எடுத்துக்கொள்ளும். துணை விசையை இருமுறை தட்டினால் அது பூட்டிக்கொள்ளும். மூன்றாம் முறை தட்டினால் விடுபடும். முன்பு நாம் கண்ட கணக்கை நினைவுகூருங்கள்: 4-ஐயும் 8-ஐயும் கை விட்டபின்னும் அழிக்காமல் கூட்டி வைத்திருக்கிறது கணிப்பொறி. செய்த மாற்றம் அவ்வளவே!

மாவுக்கட்டு ஆறு வாரங்களில் பிரிந்துவிடும். ஆனால் ஒரு கை மட்டுமே உடையோர், விரல்கள் நடுங்குவோர், மூட்டுவாதத்தால் விரல் விரிக்க இயலாதோர் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுவதும் இதே விசைப்பலகைகளோடு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பிராட்லி தொலைவில் வைத்தது இரு கை உள்ளவருக்குப் பாதுகாப்பு. ஒரு கை உள்ளவருக்கு அதுவே தடை. எல்லோருக்கும் பொருந்தும் அட்டவணை ஒன்றை எவராலும் எழுதிவிட முடியாது. ஆகவேதான் அதைத் திருத்தும் உரிமை பயனரிடம் இருக்க வேண்டியுள்ளது.

ஓர் எச்சரிக்கை

குறுக்கு விசையில் வைத்த கட்டளை ‘செய்யட்டுமா?’ என்று கேட்பதில்லை, அழுத்தியவுடன் செய்துவிடும். கோப்புகளை அழிக்கும் கட்டளைகளையும், பிறர் எழுதித் தந்து உங்களுக்குப் பொருள் புரியாத கட்டளைகளையும் ஒருபோதும் விசையில் வைக்கவேண்டாம். முதலில் டெர்மினலில் இயக்கிப் பொருளை அறிந்தபின்னரே வையுங்கள். புரியாத கட்டளையை டெர்மினலிலும் ஆசிரியரின் துணையின்றி இயக்க வேண்டாம். வைத்த குறுக்கு விசை வேண்டாமெனில் அதே பட்டியலில் அதைத் திறந்து நீக்கிவிடலாம். டெஸ்க்டாப்பின் சொந்தக் குறுக்கு விசைகளை மாற்றிக் குழப்பிவிட்டாலும், எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ‘ரீசெட் ஆல்’ என்னும் பொத்தான் அங்கேயே உண்டு. ஆனால் அது நீங்கள் விரும்பிச் செய்த மாற்றங்களையும் சேர்த்தே துடைத்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

1. நிறுத்துக் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டெலி கொண்டு கணக்குக் கருவியைப் பத்து முறை திறந்து மூடி, ஆகும் நேரங்களின் சராசரி காண்க. பிறகு குறுக்கு விசையால் பத்து முறை செய்து சராசரி காண்க. முதல் மூன்று முயற்சிகளையும் கடைசி மூன்று முயற்சிகளையும் ஒப்பிட்டால் பழக்கத்தின் பயனும் தெரியும்.

2. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கணிப்பொறியில் வேலை செய்யுங்கள். உங்களைத் தடுத்த விசைக் கூட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மாற்றாக ஓர் அட்டவணை எழுதிச் செயற்படுத்துங்கள்.

3. துணை விசைகளின் தொகை 77 என்றால் எவையெவை அழுந்தியுள்ளன? அதே நேரத்தில் நம் லாக்கும் எரிந்தால் தொகை என்ன?

4. உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ கைவிரல்களை எளிதாகப் பயன்படுத்த இயலாதவர் ஒருவர் இருந்தால், அவர் அன்றாடம் செய்யும் மூன்று வேலைகளைக் கேட்டறியுங்கள். அவர் கைக்கு எந்த விசைகள் எட்டும் என்பதை அவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த விசைகளில் அந்த வேலைகளை அமைத்துக் கொடுங்கள். உங்கள் தேர்வு சரிதானா என்பதை அவருடைய விரல்களே சொல்லும்.